17 நிமிட வேலை - 22 நாள் பயணம்!

மேசையிலிருந்து மேசைக்கு, அறையிலிருந்து மாடிக்கு - காகிதம் போகிறது, கையொப்பம் பெறுகிறது, மீண்டும் படுத்துறங்குகிறது! இன்ஷ்யூரன்ஸ் அலுவலகங்களின் பழைய கதை இது. இதை அடியோடு மாற்றுவதற்குச் சூட்டப்பட்ட பெயர் 'வேலைமுறை மறுசீரமைப்பு'. போட்டியிலே பிழைக்க இதுவே வழி என்று முதலாளி உலகம் முழங்குகிறது. முழக்கம் கேட்டு மயங்கவும் வேண்டாம், மருளவும் வேண்டாம். நடந்ததைப் பார்ப்போம், தோழர்களே!

அமெரிக்காவிலே, நியூவார்க் நகரிலே, 1845-ஆம் ஆண்டு தோன்றியது மியூச்சுவல் பெனிஃபிட் லைஃப் எனும் கம்பெனி. பாலிசி கேட்டு அங்கே ஒருவர் மனுப்போட்டால், அந்த மனு 30 படிகளைத் தாண்டவேண்டும். 5 இலாகாக்களைச் சுற்றவேண்டும். 19 பேர் கைகளில் தவழவேண்டும். முடிவு தெரிய 5 நாள் முதல் 25 நாள் வரை! இதனை 1990-இல் எடுத்துக்காட்டிய மைக்கேல் ஹாமர் எனும் அறிஞர், வேறொரு கம்பெனியின் கணக்கையும் தந்தார்: மனு கிடந்தது 22 நாள், அதன்மீது வேலை நடந்ததோ 17 நிமிடம்!

நியூவார்க் கம்பெனி விழித்தது. ஒரு மனுவுக்கு ஒரே பொறுப்பாளர். அவர் கையிலே கணினி. சிக்கல் எழுந்தால் மட்டும் மருத்துவரையோ மூத்தவரையோ கேட்பது - என்று முறை மாறிற்று. 4 மணி நேரத்தில்கூட மனு முடிந்தது. சராசரி 2 முதல் 5 நாள். நல்லதா? நல்லதே! காத்துக் கிடப்போரின் கால்வலி தீர்ப்பதை நாம் எதிர்ப்போமா? ஆனால், அதே கையோடு கிளை அலுவலகங்களில் 100 வேலைகள் ஒழிந்தன. விரைவின் பலன் கம்பெனிக்கு. விலை கொடுத்தவன் குமாஸ்தா!

சரி, கம்பெனியாவது வாழ்ந்ததா? 1991 ஜூலையிலே மாநில அரசு அதனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள நேரிட்டது! மனுக்கள் தாமதமானதாலா? இல்லை. நிலத்திலும் கட்டடத்திலும் போட்ட பணம் முடங்கிற்று. பாலிசிதாரர்கள் பதறிப்போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்டனர். வாசலிலே மின்னல் வேகம், பெட்டியிலே ஓட்டை!

நமக்கேன் நியூவார்க் கதை? 1956-இல் 245 நிறுவனங்களை ஒன்றாக்கி இங்கே பிறந்தது எல்.ஐ.சி. 2000-இல் தனியாருக்கு மீண்டும் கதவு திறந்தது. அன்னிய மூலதனத்தின் பங்கு 26 விழுக்காடு என்று தொடங்கி, 2015-இல் 49 ஆகி, 2021-இல் 74 என ஏறிற்று. போட்டி வந்துவிட்டது, மறுசீரமைப்பும் வருகிறது.

வரட்டும்! ஆனால், மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு வரட்டும். பாலிசி விற்பதில் காட்டும் வேகம், கணவனை இழந்தவளுக்குப் பணம் தருவதிலும் உண்டா? மிச்சமாகும் நேரம், குமாஸ்தாவை வீட்டுக்கு அனுப்பவா, அல்லது மக்களைத் தேடி அவனைக் கிராமத்துக்கு அனுப்பவா? பாட்டாளி சிறுகச் சிறுகக் கட்டிய பிரிமியம் எங்கே முதலிடப்படுகிறது, அதன் காவலர் யார்?

இன்ஷ்யூரன்ஸ் என்பது வாக்குறுதி வியாபாரம். 20 ஆண்டு கழித்துத் தரவேண்டிய பணத்துக்கு இன்றே கை நீட்டுகிறார்கள். அந்த வாக்கைக் காக்கும் வலிவே உண்மையான போட்டித் திறன். காகிதம் ஓடட்டும், வரவேற்போம். காகிதத்தோடு தொழிலாளியையும் துரத்தாதே, பெட்டியைத் திறந்து கணக்கைக் காட்டு என்கிறோம்!