ஐஸ்கியூப்புக்குச் சிக்காத நியூட்ரினோ கடலில் சிக்கியது எப்படி?

இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் பல லட்சம் கோடி நியூட்ரினோக்கள் உங்கள் உடம்பைக் கடந்து போய்விட்டன. பெரும்பாலும் சூரியனில் இருந்து வந்தவை. மின்னூட்டம் கிடையாது, எடையும் இல்லாத மாதிரிதான். அதனால் எதையும் தொடாமல் போகும். (நம்மில் பலருக்குத் தேனி போராட்டம் வழியாகத்தான் இந்தப் பெயரே தெரியும். அது தனிக் கதை.)

இதைப் பிடிக்க ஒரே வழி, ரொம்பப் பெரிய வலை. தென்துருவத்தில் உள்ள ஐஸ்கியூப் அப்படித்தான் கட்டப்பட்டது. வெந்நீரைப் பீய்ச்சி, பனிக்கட்டியில் இரண்டரை கி.மீ. ஆழத்துக்கு 86 துளைகள். ஒவ்வொன்றிலும் 60 சென்சார்கள் கோத்த கேபிள். ஒரு கன கிலோமீட்டரில் மொத்தம் 5,160 சென்சார்கள். 2010 டிசம்பரில் வேலை முடிந்தது.

எப்போதாவது ஒரு நியூட்ரினோ பனிக்கட்டியில் உள்ள அணுக்கருவில் மோதும். அதில் பிறக்கும் துகள், பனிக்குள் ஒளி போகும் வேகத்தையே முந்தி ஓடும்போது நீல வெளிச்சம் சிந்தும். எந்த சென்சாரில் எப்போது வெளிச்சம் பட்டது என்று கணக்குப் போட்டால் வந்த திசை கிடைக்கும்.

அந்தத் திசைதான் சமாச்சாரமே. காஸ்மிக் கதிர்கள் வழியில் காந்தப்புலங்களால் வளைந்துவிடும். நியூட்ரினோ நேராக வரும். 2017 செப்டம்பர் 22-ல் வந்த ஒன்றைப் பின்தொடர்ந்து, சுமார் 400 கோடி ஒளியாண்டு தொலைவில், நடுவே ராட்சதக் கருந்துளை உள்ள ஒரு கேலக்ஸி வரை போக முடிந்தது.

சிக்கல் 2025 பிப்ரவரியில் வந்தது. சிசிலி அருகே, 3,450 மீட்டர் ஆழக் கடலில் இருக்கும் கேஎம்3நெட், 2023-ல் தன்னிடம் பதிவான ஒரு நியூட்ரினோவை அறிவித்தது. ஆற்றல் சுமார் 220 பெட்டா எலக்ட்ரான் வோல்ட். ஜெனீவா எல்எச்சி-யில் ஒரு புரோட்டானுக்குக் கிடைப்பதைப்போல் சுமார் 30,000 மடங்கு! அப்போது அங்கே ஓடியது வெறும் 21 கேபிள்கள். பத்து வருஷத்துக்கு மேல் காத்திருக்கும் ஐஸ்கியூப்பிடம் இந்த அளவில் ஒன்றுகூட இல்லை.

அதிர்ஷ்டமா, திடீரென வெடித்த ஏதோ ஒன்றா? ஒற்றை நிகழ்வை வைத்துச் சொல்ல முடியாது. அதுக்குத்தான் சுமார் 8 கன கி.மீ. பரப்பில் ஐஸ்கியூப்-ஜென்2 திட்டம். ஆனால் தென்துருவத்தில் இடிப்பது பணம் மட்டுமல்ல. சிஎம்பி-எஸ்4 என்ற தொலைநோக்கித் திட்டத்தை அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை 2024-ல் முன்னெடுக்க மறுத்தது. அங்குள்ள பழைய கட்டமைப்பைச் சீர்செய்வதே முதல் வேலை என்றது. ஜென்2-வும் அந்த நிலையத்தை நம்பித்தான் இருக்கிறது. இதற்கிடையே சீனா, தென்சீனக் கடலுக்கு அடியில் டிரைடென்ட் என்ற கண்டறியும் கருவியைத் திட்டமிட்டு வருகிறது.