உணவு வலையில நாம வரையாம விட்ட புழு

சுற்றுச்சூழல் அறிவியல் பேப்பர் ஞாபகம் இருக்கா? கோர் சப்ஜெக்ட் இல்லையேன்னு முந்தின நாள் ராத்திரி மட்டும் புரட்டிட்டுப் போவோமே, அதேதான். "கடலோர உணவு வலையை வரைக"ன்னு ஒரு கேள்வி. பாசி, மட்டி, மீன், பறவைன்னு நாலு அம்புக்குறி போட்டேன். முழு மார்க் வந்துச்சு. அந்தப் படம் பாதிப் படம்னு இப்போதான் புரியுது. உங்க படமும் அப்படித்தான் இருந்திருக்கும். ஒட்டுண்ணியை நாம யாருமே வரையல.

நியூசிலாந்தில் ஒட்டாகோ துறைமுகம் பக்கம் போவோம். அங்கே கடல் உள்வாங்கும்போது தெரியுற மணல் திட்டுகளில் ஒரு வகை மட்டி ஏராளமா இருக்கு. அதுக்குத் தசையாலான ஒரு கால் உண்டு. அதை வச்சுத் தோண்டித்தான் மணலுக்குள்ள புதைஞ்சுக்கும்.

அந்தக் காலைக் குறிவைக்குது ஒரு தட்டைப்புழு. அதோட முட்டை பறவை எச்சத்தில் கரைக்கு வருது. முதல்ல ஒரு நத்தைக்குள்ள வளருது. அப்புறம் நீந்திப் போய் மட்டியோட காலுக்குள்ள கூடு கட்டிக்குது. கூடுகள் நிறைய சேர்ந்தா மட்டியால தோண்டவே முடியாது. மணல் மேலேயே கிடக்கும். சிப்பி தின்னும் பறவைக்கு அது சுலபமான சாப்பாடு. பறவையோட குடலுக்குள்ள புழு பெருசாகி மறுபடி முட்டை போடுது.

இதோட கதை முடியல. அந்தத் திட்டில் பாறை கிடையாது. கெட்டியான தரைன்னு இருக்கிறதே மட்டியோட ஓடுதான். மட்டி மேலே கிடந்தா, பாறையில ஒட்டி வாழும் சின்ன நத்தைகளுக்கு வீடு கிடைக்குது. ஒட்டாகோ பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பூலினும் மத்த ஆய்வாளர்களும் 1998-லேயே இந்தப் புழுவை 'சூழல் இன்ஜினியர்'னு சொல்லலாமான்னு கேட்டாங்க. நமக்கு முன்னாடியே அது டிகிரி வாங்கிடுச்சு போல!

இன்னொரு பக்கம், புழுவும் இரையாகுது. மட்டி ஓட்டுல உட்காரும் கடல் அனிமோன், நீந்தி வரும் புழுக்குஞ்சுகளைப் பிடிச்சுத் தின்னுடும். அந்த மட்டிக்குத் தொற்று குறையும். மணல் மேல கிடக்கிற மட்டியோட காலை மீன்கள் கடிக்கும். அப்படி மீனுக்குள்ள போற புழு அங்கேயே செத்துப்போகும். எண்ணிப் பாருங்க, இதுக்கே எத்தனை அம்புக்குறி! கலிபோர்னியாவின் கார்ப்பின்டேரியா உப்புச் சதுப்பு நிலத்தைப் பத்தி 2006-ல் வந்த ஆய்வில், உணவு வலை இணைப்புகளில் சுமார் முக்கால்வாசியில் ஒட்டுண்ணிக்குப் பங்கு இருந்துச்சு.

"அப்போ புழுவைக் காப்பாத்தச் சொல்றியா?"ன்னு கேட்பீங்க. இல்லை. மட்டிக்கு அது நோய்தான், நல்லதுன்னு நான் சொல்ல வரல. கணக்குல சேருங்கன்னுதான் சொல்றேன். பறவைகள் அந்தக் கரையை விட்டுப் போயிட்டா புழுவோட சுழற்சி அறுந்துடும். மட்டிகள் எல்லாம் புதைஞ்சுக்கும். ஓட்டுல ஒட்டியிருந்த நத்தைக்கு இடம் போயிடும். பறவைக்கும் நத்தைக்கும் என்ன சம்பந்தம்னு, புழு இல்லாத படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

நம்மில் சிலர் நாளைக்குத் துறைமுகம் கட்டுவோம், தூர்வாருவோம், சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை எழுதுவோம். கண்ணுக்குத் தெரியுற பறவை, மீன் லிஸ்ட்டை மட்டும் ஒட்டிட்டு "பெரிய பாதிப்பு இல்லை"ன்னு கையெழுத்துப் போடுற இன்ஜினியரா நாம இருக்கக் கூடாது. சர்க்யூட்டில் ஒரு ரெசிஸ்டரை விட்டுட்டு வரைஞ்சா லேப்ல விடுவாங்களா?

ஜூனியர்ஸ், அடுத்த செமஸ்டர் அதே கேள்வி வந்தா ஒரு மூலையில புழுவையும் வரைங்க. மார்க் குறைஞ்சா இந்தப் பக்கத்தைக் காட்டுங்க.