பெருவிரல் நோவு

கையிலுள்ள ஐந்து விரல்களுள் தனியே ஒதுங்கி நிற்கும் ஒன்றிற்குப் பெருவிரல் என்று நம் முன்னோர் பெயரிட்டனர். உருவத்தை நோக்கி இட்ட பெயரேயாயினும், தொழிலை நோக்கினும் அது பொருந்துவதேயாம். துரோணர் ஏகலைவனிடம் காணிக்கையாகக் கேட்டது கண்ணுமன்று, காலுமன்று, வலக்கைப் பெருவிரலேயன்றோ? மற்றை நான்கு விரல்களுக்கும் எதிர்நின்று பொருளைப் பற்றுவது அதுவே. கையின் தொழிலிற் பாதியளவு அவ்விரலைச் சார்ந்ததென வைத்தியரும் மதிப்பிடுவர். இத்துணைப் பெருமையுடைய விரல் நோவுற்றால் மட்டும் நாம் அதனைச் சிறிதாக எண்ணிவிடுகிறோம். இவ்வழக்கம் தவறென்பதே நாம் ஈண்டுக் கூறப் புகுந்தது.

அவிநாசியைச் சூழ்ந்த சிற்றூர்களில் வைகறையிற் பால் கறப்பவரும், பருத்தி எடுப்பவரும், நிலக்கடலை உரிப்பவரும் பெரும்பாலும் பெண்டிரே. அண்மைக் காலத்தில் திருப்பூர்ப் பனியன் தொழில் இவ்வூர்ப் பக்கங்களிலும் பரவியதனால், நாள் முழுதும் கத்தரிக்கோல் கொண்டு நூற்பிசிர் வெட்டுவாரும் துணி மடிப்பாரும் பலராயினர். இவ்வேலைகளிற் பெரும்பான்மையும் பெருவிரலை நெருக்கியே நடப்பன. நம் அம்மாயி நாற்பதாண்டு பால் கறந்தவர். ஒருநாள் மடியினின்று கையை எடுத்துக்கொண்டு, “கட்டவெரல் கேக்க மாட்டீங்குது, கண்ணு” என்றார். வீட்டார் அனைவரும் வயதாகிவிட்டது என்றனர். நாமும் அவ்வாறே கூறினோம். அடுத்த திங்களிற் கறவை மாடு சந்தைக்குப் போயிற்று. மாட்டோடு, அவர் கையிற் புழங்கிய சிறு பணமும், அப்பணத்தால் வீட்டில் அவருக்கிருந்த சொல்லும் போயின. அவ்விரலை வைத்தியரிடம் காட்டுவோம் என்று ஒருவரும் எண்ணவில்லை. நாமும் எண்ணவில்லை என்பதை வெட்கத்தோடு எழுதுகிறோம்.

நோவின் இயல்பைச் சிறிது ஆராய்வோம். மணிக்கட்டிலுள்ள எட்டுச் சிற்றெலும்புகளுள் டிரபீசியம் என்பது ஒன்று. பெருவிரலின் அடியெலும்பு அதன்மேல் அமர்ந்திருக்கிறது. இரண்டும் குதிரைச் சேணம் போன்ற வடிவின. ஒரு சேணத்தின்மேல் மற்றொன்றைக் குறுக்கே கவிழ்த்தாற்போலப் பொருந்தியிருப்பதனாலேயே அவ்விரல் பல திசைகளிலும் சுழல்கிறது. சுழற்சி மிகுந்த மூட்டிற்கு உறுதி குறைவு. அதனைக் கட்டி நிறுத்துவன தசைநார்களே. 1977இல் கூனி, சாவோ என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் கணக்கிட்டு, விரல் நுனியால் ஒரு கிலோ விசையோடு கிள்ளும்போது இம்மூட்டின்மீது ஏறக்குறைய 12 கிலோ விசை தாக்குகிறதெனக் காட்டினர். ஆண்டாண்டாக இங்ஙனம் தாக்குண்ட குருத்தெலும்பு தேய, எலும்போடு எலும்பு உராய்கிறது. மரபும், முதுமையும், தசைநார்த் தளர்ச்சியும் இதற்குக் காரணங்களாம். மாதவிடாய் நின்ற பெண்டிர்க்கு இந்நோய் மிகுதி. ஆதலின் வேலை ஒன்றையே குற்றஞ்சாட்டுதல் நேர்மையன்று. எனினும் நொந்த மூட்டை வேலை மேலும் வருத்தும் என்பதில் ஐயமில்லை.

மருந்து உண்டா எனின், உண்டு. முதலில் விரலுக்கு ஓய்வு, மூட்டைத் தாங்கும் பட்டை, தசைகளுக்குப் பயிற்சி, பருத்த பிடியுள்ள கருவிகள். பின்னர் நோவாற்றும் மருந்தும் ஊசியும். இவற்றாலும் தீராதார்க்கே இரண சிகிச்சை. 1949இல் கெர்விஸ் என்னும் ஆங்கில வைத்தியர், தேய்ந்த டிரபீசியத்தை முற்றும் நீக்கிவிடும் முறையைப் பற்றி எழுதினார். இன்றளவும் அம்முறை நிலைத்திருக்கிறது. பின்னர் ஸ்வான்சன் என்பார் சிலிக்கோனால் எலும்பு செய்து பொருத்தினார். அது தேய்ந்து உதிர்ந்த துகள்கள் சிலருக்குத் தீங்கு செய்தன. 1970களிற் பிரெஞ்சு வைத்தியர் தெ லா கஃபினியேர், இடுப்பு மூட்டைப்போலக் கிண்ணமும் பந்துமாக அமைந்த செயற்கை மூட்டை இயற்றினார். அதன் வழிவந்த திருந்திய மூட்டுகள் இக்காலத்தில் பல நாடுகளிற் பொருத்தப்படுகின்றன.

இவற்றுள் எது சிறந்தது? எலும்பை நீக்கினால் நோவு தணியும். ஆயின் கை தேறப் பல திங்கள் செல்லும், விரல் சிறிது குறுகவும் கூடும். செயற்கை மூட்டு விரைவிற் பயன் தரும், விரலின் நீளமும் காக்கும். ஆயின் தளர்ந்தாலும் நழுவினாலும் மீண்டும் கத்தியை நாட வேண்டும். 2015இல் வெளியான காக்ரேன் ஆராய்ச்சித் தொகுப்பு, அதுகாறும் ஒப்பிடப்பட்ட முறைகளுள் யாதொன்றும் மற்றொன்றினும் மேலானதென நிறுவப்படவில்லை என்றது. ஆகவே நாளும் மாடு கறக்கும் கைக்கும் எழுதுகோல் பிடிக்கும் கைக்கும் ஒரே விடை பொருந்தாது. புதியது என்பதனாலேயே ஒன்றை விரும்புதலும், விலை மிக்கது என்பதனாலேயே ஏழைக்கு அதனை மறைத்தலும் ஒப்பத் தவறாம். இரண்டையும் எடுத்துக் கூறி, “அம்மா, இந்தக் கையால் தாங்கள் செய்ய விரும்பும் வேலை யாது?” என்று கேட்பவனே நல்ல வைத்தியன்.

இவ்வாறு கேட்டவர் ஒருவர் நம் நாட்டிலேயே இருந்தனர். 1914இற் கொல்லிமலையிற் பிறந்த பால் பிராண்ட், 1946இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, குட்டநோயால் மடங்கிய விரல்களைத் தசைநார் மாற்றி நிமிர்த்தினார். நிமிர்ந்த கைக்குத் தொழில் வேண்டுமென உணர்ந்து, தச்சு வேலை கற்பிக்கவும் வழி செய்தார். விரலைத் திருத்துவதோடு வைத்தியன் வேலை முடிவதில்லை என்பது இதனாற் பெறப்படும்.

நம் பகுதியார்க்குத் தக்க வைத்தியர் சேய்மையிலில்லை. கை அறுவை வைத்தியத்தில் உலகறிந்த கங்கா மருத்துவமனை கோயமுத்தூரிலேயே இருக்கிறது. இயந்திரத்தில் விரல் அறுந்தால் அன்றே ஓடுகிறோம். அதே விரல் இருபதாண்டு சிறிது சிறிதாகத் தேய்ந்தால் வாளாவிருக்கிறோம். தடையாவது தூரமன்று, பெண்டிர் நோவைப் பொறுத்தல் இயல்பென்னும் நம் எண்ணமே. நாட்கூலி இழப்பும் மற்றொரு தடை; ஆதலின் கை தேறும் காலத்து வேறு இலகுவான வேலை தருதலும், கூரிய மெல்லிய கத்தரிக்கோல் தருதலும், வேலையை மாற்றி மாற்றி அளித்தலும் முதலாளிமார் கடமையாம்.

மாணவ நண்பர்களே! விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால், நுமக்குச் சோறு பிசைந்து ஊட்டிய கையை ஒருமுறை பற்றிப் பாருங்கள். பெருவிரலின் அடி புடைத்திருக்கிறதா, மூடி திருகும்போது முகம் சுளிக்கிறதா என்று நோக்குங்கள். சுளிக்குமாயின் வயதைக் காரணங் காட்டாது, அவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். நாம் அது செய்யத் தவறினோம், நீவிர் தவறாதீர்.