மழைக்கு முழித்திருக்கும் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்லப் போகிறோம்?

புயல் அடித்து ஓய்ந்து சில வாரங்கள் கழித்து, சங்க வேலையாக ஒரு தோட்டத்தின் மேல் லயத்துக்குப் போயிருந்தேன். ஒரு காம்பராவில் தேத்தண்ணி கொடுத்தார்கள். அந்த வீட்டுப் பிள்ளை உயர்தரம் படிக்கிறாள். முகம் வாடியிருந்தது. "என்னம்மா, பரீட்சைக்குப் படிக்கிறதா?" என்று கேட்டேன்.

"படிக்கிறதெல்லாம் இல்லக்கா. மழ பேஞ்சா நான் தூங்குறதில்ல. அம்மா விடியக்காலம் பெரட்டுக்குப் போகணும், அவங்க தூங்கட்டும். யாராவது ஒராள் முழிச்சிருக்கணும்ல. மல வந்துச்சுனா எழுப்புறதுக்கு."

அவளுடைய அம்மா குறுக்கே வந்தார். "புயலுக்குப் பொறகு இப்படித்தான். கோயில்ல ஒரு கயிறு கட்டிப் பாக்கணும்."

"பயப்படாதம்மா, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்த பார்வை இன்னும் மனதில் நிற்கிறது. இருபது வருடம் சங்கத்தில் வேலை செய்தவள் நான். சம்பளம் குறைந்தது என்று ஒரு தொழிலாளி வந்து சொன்னால் "எல்லாம் சரியாயிடும்" என்று ஒரு நாளும் திருப்பி அனுப்பியதில்லை. எத்தனை நாள், எத்தனை கிலோ, யார் கணக்கு எழுதியது என்று கேட்டிருப்பேன். இந்தப் பிள்ளையிடம் மட்டும் ஏன் கேட்கவில்லை? இக்கட்டுரையை எழுத வைத்தது அந்தக் கேள்விதான்.

அவள் பயப்படுவது கற்பனைக்கு அல்ல. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அன்று காலை பாடசாலைக்குப் போனதால் உயிர் தப்பி, பெற்றோரை இழந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அது ஆபத்தான இடம், மக்களை அங்கிருந்து எழுப்ப வேண்டும் என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது, மக்கள் லயத்தில் இருந்தார்கள். அந்த வருடம் முதலாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள்தான் இன்று உயர்தரம் எழுதும் வயதில் இருக்கிறார்கள். மீரியபெத்தைக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலைக் கண்ணால் பார்த்தார்கள். நாடு முழுவதும் 600க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை என்று எங்கள் மாவட்டங்களில்தான் மண் அதிகம் சரிந்தது. இதையெல்லாம் பார்த்த பிள்ளை மழை இரவில் நிம்மதியாகத் தூங்கினால்தான் ஆச்சரியம்.

இந்தப் பயத்துக்கு உலகத்தில் இப்போது ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். சூழல் பதற்றம் என்கிறார்கள். 2021 இல் 10 நாடுகளில் 16 முதல் 25 வயது வரையான 10,000 இளைஞர்களிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். இலங்கை அதில் இல்லை, இந்தியா இருந்தது. 59 சதவீதமானோர் காலநிலை மாற்றத்தை எண்ணி மிகவும், அல்லது அளவுகடந்து, கவலைப்படுவதாகச் சொன்னார்கள். 45 சதவீதத்துக்கு மேற்பட்டோர் அந்தக் கவலை தமது அன்றாட வாழ்வையே பாதிப்பதாகச் சொன்னார்கள். அந்த ஆய்வில் சங்கத்துக்காரர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய இடம் வேறு. அரசாங்கங்கள் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை, தம்மைக் கைவிட்டுவிட்டன என்ற எண்ணத்தோடு இந்த மன வேதனை சேர்ந்தே இருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். மழைப் பயத்தின் பாதி, மழை வந்தால் நமக்கு யாருமில்லை என்ற பயம்தான். லயத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்படிப் பயந்தவர்களில் சிலர் அந்தப் பயத்தோடு என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். சுவீடனின் கிரேட்டா துன்பர்க்கை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் பிரபலமாவதற்கு முந்திய கதை பலருக்குத் தெரியாது. எட்டு வயதளவில் காலநிலை மாற்றம் பற்றிக் கேள்விப்பட்டவர், 11 வயதில் மனச்சோர்வில் விழுந்தார். பேச்சை நிறுத்தினார், சாப்பாட்டை நிறுத்தினார், இரண்டு மாதத்தில் 10 கிலோ அளவு மெலிந்துபோனார். இதை அவரே மேடையில் சொல்லியிருக்கிறார். 2018 ஓகஸ்ட் 20 இல், 15 வயதில், பாராளுமன்றத்துக்கு வெளியே ஒரு பலகையோடு தனியாக உட்கார்ந்தார். மறுநாள் வேறு சிலரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எனக்கு முதல் நாளை விட இரண்டாம் நாள்தான் பெரிதாகத் தெரிகிறது. அடுத்த வருடம் செப்டெம்பரில் உலகெங்கும் இலட்சக்கணக்கான பிள்ளைகள் வீதிக்கு வந்தார்கள். செய்ததற்கு அவர்கள் வைத்த பெயரைக் கவனியுங்கள்: பாடசாலை வேலைநிறுத்தம். நம் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவுஸ்திரேலியாவில் பிறந்த குளோவர் ஹோகன் என்ற இளம் பெண் இன்னொரு வழியில் போனார். 2019 இல் 'ஃபோர்ஸ் ஒஃப் நேச்சர்' என்ற இளைஞர் அமைப்பைத் தொடங்கினார். பயந்துபோன இளைஞர்களைக் கூட்டி உட்காரவைத்து, முதலில் அந்தப் பயத்தை வாய்விட்டுப் பேசவைப்பது அவர்களின் முறை. பிறகு, உன் இடத்தில், உன் கைக்கு எட்டும் தூரத்தில், உன்னால் என்ன முடியும் என்பதற்கு வருகிறார்கள். பயப்படாதே என்று சொல்வதில்லை. நீ பயப்படுவது நியாயம் என்றுதான் தொடங்குகிறார்கள். நான் அந்தக் காம்பராவில் செய்யத் தவறியதும் அதுதான்.

ஆனாலும் ஒரு குறை சொல்ல வேண்டும். இத்தகைய பேச்சு பெரும்பாலும் தனி மனிதரிடமே போய் நிற்கிறது. நீ என்ன செய்வாய், உன் பழக்கத்தை எப்படி மாற்றுவாய் என்று. வசதியான நாட்டுப் பிள்ளைக்கு அது பொருந்தலாம். விமானத்தைக் கண்ணில் மட்டும் பார்த்த, ஒரு பல்பு, ஒரு விறகடுப்பு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை எதைக் குறைப்பது? உலகத்தின் புகையில் இந்த நாட்டின் பங்கே மிகச் சிறியது. அதில் லயத்தின் பங்கைத் தேடக் கண்ணாடி வேண்டும். நம் ஊரில் இன்னொரு வழக்கமும் உண்டு. சுற்றாடல் தினம் வந்தால் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு கன்றைக் கையில் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மரம் நடுவதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தலைக்கு மேலே மலை வெடித்திருக்கும்போது கையில் கன்றைக் கொடுப்பது, பிள்ளையின் வாயை அடைக்கும் வேலை.

ஜேர்மனியில் நடந்த ஒன்று எனக்கு இதைவிட நம்பிக்கை தருகிறது. அங்கே பஸ், ட்ராம் சாரதிகளின் சங்கமான வெர்டியும் காலநிலைக்காகப் போராடும் மாணவர்களும் கைகோர்த்தார்கள். மாணவர்கள் டிப்போக்களுக்குப் போய்ச் சாரதிகளோடு பேசினார்கள். வேலை நேரம், ஆள் பற்றாக்குறை, சம்பளம் எல்லாவற்றையும் கேட்டார்கள். 2023 மார்ச் 3 ஆம் திகதி இரு தரப்பும் ஒரே நாளில் வேலைநிறுத்தம் செய்தன. 2024 மார்ச் 1 இலும் அவ்வாறே. சாரதிகளுக்கு நல்ல வேலை நிலைமை, மக்களுக்குப் போதிய பொதுப் போக்குவரத்து என்று கோரிக்கைகளை ஒன்றாக வைத்தார்கள். இது அரசியல் வேலைநிறுத்தம் என்று முதலாளிமார் தரப்பு கண்டித்தது. கண்டிக்கிறார்கள் என்றால் எங்கேயோ உறைத்திருக்கிறது.

சங்கத்துக்குள் எழும் ஆட்சேபம் எனக்குத் தெரியும். சென்ற மாதம் ஒரு தோட்டத் தலைவர் முகத்துக்கு நேரே கேட்டார்: "தங்கச்சி, கூலிப் பிரச்சினையே முடியல. இதுல காலநிலைய வேற தூக்கிட்டு வாறீங்களே?" அண்ணன் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் அவரிடமே திருப்பிக் கேட்டேன். வறட்சி மாதத்தில் கொழுந்து காய்ந்து கிலோ வராதபோது அரைப்பேர் யாருக்கு விழுகிறது? மழை விடாமல் அடித்து மலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்? மண்சரிவுக்குப் பயந்து கோயில் மண்டபத்தில் படுத்த கிழமையின் கூலி எங்கே? வானம் தப்பினால் அது துரையின் கணக்கில் விழுவதற்கு முன் நம் சம்பளச் சிட்டையில் விழுகிறது. காலநிலையும் கூலிப் பிரச்சினைதான் அண்ணே என்றேன். அவர் சிரித்தார். ஒத்துக்கொண்டாரா என்று தெரியாது.

சரி, அந்தப் பிள்ளைக்கு என்ன வேலை கொடுப்பது? நான் திரும்பவும் அந்த லயத்துக்குப் போனேன். இந்த முறை இன்னும் ஏழெட்டுப் பிள்ளைகளையும் பிள்ளைக்காம்பரா வாசலுக்கு வரச்சொல்லி இருந்தேன். முதல் ஒரு மணி நேரம் அவர்கள் பேசினார்கள், நான் வாயைத் திறக்கவில்லை. முழித்திருப்பது அவள் ஒருத்தி மட்டுமல்ல என்பது அன்றுதான் அவளுக்கே தெரிந்தது. நாலு வீட்டில் நாலு பிள்ளைகள், ஒருவருக்கொருவர் தெரியாமல், இரவுக் காவல் இருந்திருக்கிறார்கள். கொழும்பில் கடைக்கு வேலைக்குப் போய், புயலுக்குத் திரும்பி வந்த ஒரு தம்பி, "நான் ஒருத்தன்தான் பயந்தாங்கொள்ளினு நெனச்சேன்" என்றான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

பிறகு மழையை அளப்பது பற்றிப் பேசினோம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150ஐத் தாண்டினால், அல்லது ஒரு மணி நேரத்துக்குள்ளேயே 75 பெய்துவிட்டால், வெளியேற வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயமுள்ள இடங்களுக்குச் சொல்லும் அளவுகள் இவை. அளப்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை. பக்கம் நேராக உள்ள ஒரு பிளாஸ்டிக் போத்தலின் தலையை வெட்டி, அதையே புனல்போல் கவிழ்த்து வைக்க வேண்டும். அடிப்பக்கம் வளைந்திருக்கும் என்பதால், கூழாங்கல் போட்டு, நேரான இடம் வரும்வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூச்சியம் என்று கோடு போட வேண்டும். அதற்கு மேலே அடிக்கோலை ஒட்டினால் முடிந்தது. கூரையும் மரமும் மறைக்காத இடத்தில் வைத்து, தினமும் ஒரே நேரத்தில் பார்த்து எழுதி, பூச்சியக் கோடு வரைக்கும் தண்ணீரைக் குறைத்துவிட வேண்டும்.

கொப்பியில் மழை அளவு மட்டும் போதாது. நிலத்தில் புதிய வெடிப்பு, சுவரில் புதிய கீறல், சாய்ந்த மரம், திடீரென்று இறுகிப்போன கதவு, கலங்கி வரும் ஊற்று, புதிதாகக் கிளம்பிய அல்லது சட்டென்று நின்றுபோன ஊற்று எல்லாம் திகதியோடு எழுதப்பட வேண்டும். யார் வீட்டில் நடக்க முடியாத ஆள், யார் வீட்டில் கைக்குழந்தை என்ற பட்டியலும் அதிலேயே. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கம் கொப்பியின் அட்டையில். இரவுக் காவலையும் முறை போட்டுக்கொண்டார்கள். முறை இல்லாத இரவில் தூங்கலாம்.

அந்தப் பிள்ளையின் பயம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. மலை அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் போன முறை கண்டபோது "73 வந்துச்சுக்கா, ரெண்டு குறைச்சல்" என்று சொன்னாள். அந்தக் குரலில் ஒரு கணக்கப்பிள்ளையின் மிடுக்கு இருந்தது.

இங்கேதான் எனக்கு ஒரு பயம் இருக்கிறது. போத்தல் மலையைத் தடுக்காது. பிள்ளைகள் மழையை அளந்து, வெடிப்பை எழுதி, கொண்டுவந்து கொடுக்கும் கொப்பியை நாம் அலுமாரியில் வைத்தால், மீரியபெத்தைக்கு வந்த எச்சரிக்கைகளுக்கு நடந்ததை நாமும் செய்தவர்கள் ஆவோம். பிறகு அந்தப் பிள்ளைகள் மழையை மட்டுமல்ல, சங்கத்தையும் நம்பமாட்டார்கள். இன்னொரு ஆபத்தும் உண்டு. "உங்களுக்குத்தான் அளக்கத் தெரியுமே, ஏன் வெளியேறவில்லை?" என்று நாளைக்கு நம் மேலேயே பழி போடுவார்கள். வெளியேறு என்று சொல்வது சுலபம். எங்கே போவது? மீரியபெத்தை மக்களுக்கு மாற்று வீடு கைக்கு வர ஏறத்தாழ இரண்டு வருடம் ஆனது. அதுவும் உலகமே பார்த்துக்கொண்டிருந்த இடம். 7 பேர்ச்சா 10 பேர்ச்சா என்று பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்த ஐப்பசி வந்துவிடும்.

ஆகவே அடுத்த மாவட்டக் கூட்டத்தில் நான் வைக்கப்போகும் பிரேரணையை இப்போதே தோழர்களுக்குத் தெரிவித்துவிடுகிறேன். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியிலும் 25 வயதுக்குக் குறைந்த இருவருக்கு, அதில் ஒருவர் பெண்ணாக, இடம் வேண்டும். அவர்கள் சந்தா கட்டுபவர்களாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கட்டுபவர்களின் பிள்ளைகள்தானே. மழைக் கொப்பி மாதம் ஒரு முறை கமிட்டியில் வாசிக்கப்பட வேண்டும். வெடிப்பு பற்றி எழுதப்பட்ட ஒவ்வொரு வரியும் சங்கத்தின் கடிதத் தலைப்பில், திகதியிட்டு, நிர்வாகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் போக வேண்டும். பிரதி நம் கையில் இருக்க வேண்டும். எச்சரிக்கை காரணமாக வெளியேறிய நாட்களுக்கு முழுப்பேர் என்பது அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையின் கோரிக்கைப் பட்டியலில் ஏற வேண்டும். பாதுகாப்பான காணியும் வீடும் என்பது ஏற்கனவே பட்டியலில் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இந்தக் கொப்பிகளைச் சான்றாக வைக்கலாம்.

கூட்டத்துக்கு அந்தப் பிள்ளையையும் கூட்டி வருகிறேன். கொப்பியோடு வருவாள். வாசிக்க அவளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கும்படி தலைவரைக் கேட்டிருக்கிறேன்.