பாட்டை ஒலிக்கவிடும் முன்

அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருந்த தந்தையின் தலைமாட்டில் கைப்பேசியை வைத்து, நாதஸ்வர இசையை ஒலிக்கவிட்டார் ஒரு மகன். அன்பினால்தான் செய்தார். தந்தையோ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அடுத்த கட்டிலில் இருந்த அம்மையார் போர்வையின்மேல் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். "அப்பா மனம் ஒடிந்துபோய்விட்டார் போலும்" என்று மகன் கலங்கினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஒலியைப் பகுத்துணரும் மூளைப்பகுதியும், உணவாலும் பரிசாலும் இன்பம் எழுகின்ற பகுதியும் நரம்பிழைகளால் பிணைந்துள்ளன. அப்பிணைப்பு எல்லோரிடமும் ஒரே வலிமையுடன் இருப்பதில்லை. சிலருக்குப் பாடலின் ஓரிடத்தில் மெய் சிலிர்க்கிறது, கண் கலங்குகிறது. சிலருக்கு எதுவும் நேர்வதில்லை. பின்னவர்களைப் பற்றிப் பார்சிலோனா ஆய்வாளர்கள் 2014-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அவர்களுடைய செவியில் குறையில்லை. ஒரு பாடல் சோகமானதா, களிப்பானதா என்பதும் அவர்களுக்கு விளங்கிற்று. பணப்பரிசு கிடைத்தால் மற்றவர்களைப் போலவே மகிழ்ந்தனர். இசை மட்டும் அவர்களுடைய இதயத் துடிப்பை அசைக்கவில்லை. இத்தகையோரைக் கல்நெஞ்சர் என்பது அநியாயம்.

இசையில் உருகுவோருக்கும் எல்லா நேரமும் அது இதமாவதில்லை. மணநாளில் கேட்ட மங்கல இசை, துணையை இழந்தவருக்கு வேறொன்றாகவே ஒலிக்கும். தலையில் அடிபட்டவர்களுக்கு மெல்லிய ஒலியும் வேதனை தரலாம். செவித்துணைக் கருவிகள் பெரும்பாலும் பேச்சுக்காகவே அமைக்கப்படுவதால், அவற்றின் வழியே கேட்கும் இசை சிதைந்து ஒலிப்பதுண்டு. அரிதாகச் சிலருக்கு இசையே வலிப்பைத் தூண்டுவதும் உண்டு.

இசை வேண்டாம் என்பதன்று என் வாதம். அறுவைக்குப் பிந்தைய வலியையும் பதற்றத்தையும் அது ஓரளவு தணிப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் பலருக்கு உதவுவது உங்கள் தந்தைக்கும் உதவும் என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள், அவரைக் கேளுங்கள். பேச இயலாதவரெனில் புருவத்தையும் மூச்சையும் கைவிரல்களையும் கவனியுங்கள். புருவம் சுருங்கினாலோ மூச்சு விரைந்தாலோ உடனே நிறுத்திவிடுங்கள். (செவிபேசி இன்றிப் பாட்டு வைக்க வேண்டாம் என்று செவிலியர் கடிந்துகொள்வது அடுத்த கட்டிலில் இருப்பவருக்காகவும்தான்.)

மகன் தேநீர் அருந்தச் சென்றிருந்தபோது அந்தப் பெரியவரிடம் பேசினேன். இளமை முதலே பாட்டில் நாட்டமில்லை என்றார். மகன் மனம் நோகுமென்றே வாய் திறக்கவில்லையாம். மறுநாள் காலையில் நான் சென்றபோது, மகன் தாழ்ந்த குரலில் நாளிதழ் வாசித்துக்கொண்டிருந்தார். தந்தையின் முகம் அவர் பக்கம் திரும்பியிருந்தது.