அது சோம்பேறித்தனம் அல்ல!

காய்ச்சல் விட்டு ஒரு வாரம் ஆன பிறகும், "மாடி ஏறினா மூச்சு வாங்குதும்மா, நெஞ்சு படபடன்னு அடிக்குது" என்று பிள்ளைகள் சொன்னால் நாம் என்ன செய்கிறோம்? "ஸ்கூலுக்குப் போக சோம்பேறித்தனம்" என்று திட்டுகிறோம். இல்லாவிட்டால் சத்து டானிக் வாங்கிக் கொடுத்து விட்டு விடுகிறோம். இது சரியா சகோதரிகளே?

காய்ச்சலை உண்டாக்கும் சில வைரஸ் கிருமிகள் இதயத் தசையையும் தாக்கி, அழற்சியை உண்டாக்கி விடும். டெங்கு, கொரோனாவிலும் இது வருவதுண்டு. நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல், படபடப்பு, மயக்கம் இருந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். சமீபத்தில் காய்ச்சல் வந்ததையும் மறக்காமல் சொல்லுங்கள். ஈ.சி.ஜி., ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை, எக்கோ ஆகியவற்றைப் பார்ப்பார்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் நோயை உறுதிப்படுத்த உதவும்.

இந்த நோயிலிருந்து பலர் குணமாகி விடுகிறார்கள். ஆனால், மருந்தோடு ஓய்வும் அவசியம். பொதுவாக 3 முதல் 6 மாதம் வரை ஓட்டம், விளையாட்டு கூடாது. அழற்சி ஆறும் முன் ஓடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்து வரலாம்.

என் அக்கா மகள் டாக்டர் சீட்டைக் காட்டியும், "பார்க்க நல்லாத்தானே இருக்கே" என்று பள்ளியில் ஓட்டப் பந்தயத்துக்குக் கூப்பிட்டார்கள். அக்கா நேரில் போய்க் கண்டிப்பாக மறுத்து விட்டாள். நாமும் அப்படித்தான் இருக்க வேண்டும். கோப்பையை அடுத்த வருஷம்கூட வாங்கிக் கொள்ளலாமே!

- ஒரு இல்லத்தரசி, தஞ்சாவூர்.