எங்கள் ரத்தம் எங்கே போனது?

"ரத்தம் இல்ல."

அரசு மருத்துவமனையில் பிள்ளைத்தாச்சி வரிசையில் நிற்கிற சேரிப் பெண்ணுக்குச் சொல்லப்படுகிற முதல் வாக்கியம் இது. என் அக்காவுக்கும் சொன்னார்கள். ஏழாம் மாதம். ஹீமோகுளோபின் 6.8. நர்சம்மா சீட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்க்கவில்லை. "இத்தினி நாளா என்னாடி தின்னுகிட்டு இருந்தீங்க? கீரை ஆக்கத் தெரியாதா? மாதுளம்பழம், பேரீச்சம்பழம் வாங்கித் தின்னா என்ன? புள்ள பெத்துக்க மட்டும் தெரியுதுல்ல?" பக்கத்தில் நின்ற எங்கம்மா மெதுவாக, "கறி குடுக்குறோங்கம்மா" என்றது. "என்ன கறி?" அம்மா வாயை மூடிக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து, தரையைப் பார்த்துக்கொண்டே, "கோழிக்கறிங்க" என்றது.

அது பொய். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வாங்குவது மாட்டுக்கறி. அக்காவுக்கென்று அம்மா தனியாக எடுத்துவைத்தது மாட்டு ஈரல். மாதுளம்பழத்தை விட, பேரீச்சம்பழத்தை விட அந்த நோய்க்கு எது நல்ல உணவோ அதைத்தான் அம்மா மகளுக்குக் கொடுத்தது. அதைத்தான் மருத்துவம் படித்தவர்கள் முன்னால் வெட்கப்பட்டு மறைத்தது. இந்தக் கட்டுரை அந்தப் பொய்யைப் பற்றியது. எங்கம்மாவைப் பொய் சொல்ல வைத்தவர்களைப் பற்றியது.

சோகை என்றால் என்ன என்பதை முதலில் நமக்குள் தெளிவுபடுத்திக்கொள்வோம். வைத்தியர்கள் இதைப் பாண்டு என்பார்கள். நம் சனங்கள் வெளுப்பு என்பார்கள். ரத்தச் சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் என்று ஒன்று இருக்கிறது. மூச்சில் இழுக்கிற உயிர்க்காற்றை உடம்பு முழுக்கச் சுமந்து போவது அதுதான். அதைச் செய்ய உடம்புக்கு இரும்பு வேண்டும். இரும்பு குறைந்தால் சுமக்கிற ஆள் குறைகிறது. வளர்ந்த பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே, கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனால் சோகை. கர்ப்பிணிக்கு 7-க்குக் கீழே போனால் கடும் சோகை, உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

அறிகுறிகள் நம் வீட்டில் தினம் பார்ப்பவைதான். நாலு நடை நடந்தால் மேல்மூச்சு வாங்கும். நெஞ்சு படபடவென்று அடிக்கும். உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டும். தலைவலி, கால் குடைச்சல், அசதி. கண் கீழ்இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளுத்திருக்கும். நாள்பட்டால் நகம் குழிந்து கரண்டிபோல் ஆகும். மண், சாம்பல், கரி, பச்சரிசி என்று எதையாவது தின்னச் சொல்லும். மாமியார்கள் வாயில் சூடு போட்டுத் திருத்தப் பார்க்கிற அந்த மண் தின்கிற பழக்கம் கெட்ட பழக்கம் அல்ல, பலநேரம் இரும்பு இல்லாத உடம்பு காட்டுகிற அடையாளம்.

இவ்வளவையும் சேர்த்து ஊர்க்காரன் எங்களுக்கு ஒரே பெயர் வைத்தான்: சோம்பேறி. நடவு வயலில் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்ட பெண்ணை வரப்பில் நின்றவன் கூப்பிட்ட பெயர். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஏழைகளை இப்படித்தான் சோம்பேறிகள் என்று ஏசிக்கொண்டிருந்தார்கள். 1902-ல் சார்லஸ் ஸ்டைல்ஸ் என்பவர் அவர்கள் குடலில் கொக்கிப்புழு இருப்பதைக் காட்டினார். உடனே அங்கிருந்த பத்திரிகை சோம்பலின் கிருமி அகப்பட்டுவிட்டது என்று கேலியாக எழுதியது. கேலியாக எழுதினாலும், குற்றம் குணத்தில் இல்லை, ரத்தத்தில் என்பது அன்றே வெளியே வந்துவிட்டது. இங்கே நூறாண்டு கழித்தும் நமக்குக் குணச்சான்றிதழ்தான் கிடைக்கிறது, ரத்தப் பரிசோதனை கிடைப்பதில்லை.

இப்போது கறிக்கு வருவோம். உணவில் இரும்பு இரண்டு வகையாக இருக்கிறது. மாமிசத்திலும் ரத்தத்திலும் இருப்பது ஒரு வகை. அதில் 15 முதல் 35 சதம் வரை உடம்பு எடுத்துக்கொள்ளும். கீரை, பயறு, கேழ்வரகில் இருப்பது இன்னொரு வகை. அதில் உடம்பு எடுப்பது குறைவு, பலநேரம் பத்துக்கு ஒன்றுகூடத் தேறாது. கறியோடு சேர்த்துத் தின்றால் கீரையின் இரும்பும் கூடுதலாக ஏறும். மாட்டுக்கறி, ஈரல், மண்ணீரல், ரத்தப் பொரியல் என்று எதையெல்லாம் அருவருப்பு என்று ஊர் மூக்கைப் பிடித்ததோ, அதுவே இந்த நோய்க்கு எதிரான நல்ல உணவு. ரத்தம் இழந்த நாய்களுக்கு ஈரல் கொடுத்தால் ரத்தம் வேகமாக ஊறுகிறது என்று ஜார்ஜ் விப்பிள் கண்டார். அதைப் பிடித்துக்கொண்டு மைனாட், மர்ஃபி என்ற இரண்டு மருத்துவர்கள் அன்றைக்கு ஆளையே கொன்றுகொண்டிருந்த இன்னொரு வகைச் சோகைக்கு ஈரலையே மருந்தாக்கினார்கள். 1934-ல் மூவருக்கும் நோபல் பரிசு. ஈரலைக் கொடுத்தவனுக்கு அங்கே நோபல் பரிசு. ஈரலைக் கொடுத்த எங்கம்மாவுக்கு இங்கே தலைகுனிவு.

அரசாங்கம் தருகிற ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் பேரீச்சம்பழம் உண்டு, நெய் உண்டு, டானிக் உண்டு. தரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சுகாதார நிலையச் சுவரில் ஒட்டியிருக்கிற படத்தில் கீரைக்கட்டு உண்டு, கேரட் உண்டு, ஆப்பிள் உண்டு. மாட்டு ஈரல் இருக்கிற ஒரு படத்தை நான் பார்த்ததில்லை. படம் வரைகிறவன் சமையலறை யாருடையது? இதைப் பொதுப்புத்தி என்கிறார்கள். இது பொதுவும் இல்லை, புத்தியும் இல்லை. 2017 மே மாதம் மாட்டுச் சந்தையில் இறைச்சிக்காக மாடு விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதி போட்டது. மதுரைக் கிளை உயர்நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. புனிதம் பற்றி அன்றைக்குப் பக்கம் பக்கமாகப் பேசினார்கள். ஏழைப் பெண்ணின் மலிவான இரும்பு பறிபோகிறது என்ற பேச்சு எத்தனை பேர் வாயில் வந்தது?

"அப்படின்னா மாட்டுக்கறி திங்கிற சேரியில ஏன் சோகை?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. மூன்று பதில் இருக்கிறது. ஒன்று வெளியே இருக்கிறது, ஒன்று காலடியில் இருக்கிறது, ஒன்று நம் வீட்டுக்குள் இருக்கிறது.

வெளியே இருப்பது கூலி. வாரத்தில் ஒருநாள் கறி, ஆறு நாள் ரேஷன் அரிசியும் ரசமும். பசியை அடக்க டீ. டீயில் இருக்கிற துவர்ப்பு, சாப்பாட்டோடு குடித்தால் சோற்றிலும் கீரையிலும் இருக்கிற இரும்பை உடம்பு எடுக்கவிடாமல் தடுக்கும். டீக்கடையில் தனிக்குவளையை எதிர்த்துப் போராடினோம், இன்னும் போராடுகிறோம். குவளைக்குள்ளே இருப்பதைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. சாப்பிட்டு ஒரு மணிநேரமாவது கழித்துக் குடி என்று நம் பெண்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

காலடியில் இருப்பது கொக்கிப்புழு. மலத்தில் வெளிவரும் முட்டை ஈரமண்ணில் பொரித்துப் புழுவாகும். அந்த மண்ணில் வெறுங்காலோடு நின்றால் தோலைத் துளைத்து உள்ளே போகும். 1898-ல் எகிப்தில் ஆர்தர் லூஸ் என்ற ஆய்வாளர், புழு கலந்த நீர் தன் கையில் சிந்தியதால் இதைக் கண்டார். புழு நுழைந்த இடத்தில் அரிக்கும். நாம் அதைச் சேத்துப்புண் கணக்கில் சேர்த்து விட்டுவிடுவோம். அது ரத்தத்தோடு நுரையீரல் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலுக்கு வந்து, சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும். ஒரு புழு ஒருநாளில் குடிப்பது சில துளிக்கு மேல் போகாது. நூறு புழு இருந்தால்? வருஷக்கணக்கில் இருந்தால்?

இதற்குத் தடுப்பு என்ன என்று எந்த மருத்துவப் புத்தகத்தை விரித்தாலும் இரண்டு சொல் இருக்கும்: கக்கூஸ், செருப்பு.

செருப்பு! 1930 டிசம்பரில் ராமநாதபுரம் சீமையில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். ஜே.எச். ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் அதைப் பதிவு செய்திருக்கிறார். நகை போடாதே, முழங்காலுக்குக் கீழே துணி கட்டாதே, மண்பாண்டம் தவிர வேறு புழங்காதே என்று போகிற அந்தப் பட்டியலின் கடைசி: குடை பிடிக்காதே, செருப்புப் போடாதே. எங்கள் தாத்தா ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு போவார் என்று அம்மா சொல்லும். அதை அவமானக் கதையாகத்தான் இத்தனை நாள் கேட்டேன். அது நோய்க் கதையும்தான் என்று இப்போது தெரிகிறது. வயல் சேற்றில் யாராலும் செருப்போடு இறங்க முடியாது, அது உண்மை. ஆனால் வெளிக்குப் போகிற கருவேலங்காட்டுக்கு, ஓடைக்கரைக்குச் செருப்போடு போகலாம் அல்லவா? தெருவில் போடக் கூடாத பொருளை எவன் காசு கொடுத்து வாங்குவான்? தலைமுறை தலைமுறையாகச் செருப்புப் பழகாத கால் எங்களுடையது. கக்கூஸ் கட்ட நிலம் இல்லாமல், எல்லோரும் போகிற ஒரே இடத்துக்கு அந்தக் காலோடு போனோம். தீண்டாமை எங்கள் உள்ளங்காலைத் துளைத்துக் குடலுக்குள் போயிருக்கிறது. இதை உவமையாகச் சொல்லவில்லை.

பழங்கதை என்று யாரும் சொல்ல வேண்டாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015-ல் திருத்தியபோது, பொது இடத்தில் செருப்பு அணிவதைத் தடுப்பது குற்றம் என்று தனியாக எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் பக்கம் ராஜாவூரில், தலித்துகள் அறுபது பேர் சேர்ந்து போய்த்தான் ஒரு தெருவில் முதன்முதலாகச் செருப்போடு நடக்க முடிந்தது.

மூன்றாவது பதில் நம் வீட்டுக்குள். இதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது, சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய். ஞாயிற்றுக்கிழமைக் கறியில் துண்டு யாருக்கு? அப்பாவுக்கு, எனக்கு, தம்பிக்கு. அம்மாவுக்குக் குழம்பு. சட்டியில் ஒட்டியதைச் சோறு போட்டுப் பிசைந்து தின்னும். "எனக்குக் கறி புடிக்காதுப்பா" என்று சொல்லும். இருபது வருஷம் அதை நான் நம்பினேன். மாதாமாதம் ரத்தம் போவது அவளுக்கு. பிள்ளைக்கு ரத்தம் கொடுப்பது அவள். கறித்துண்டு நமக்கு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயது வரையான இந்தியப் பெண்களில் 57 சதம் பேருக்குச் சோகை, அதே வயது ஆண்களில் 25 சதம். மேடையில் சமத்துவம் பேசுகிற தோழர்களே, வீட்டுக் கறிச்சட்டியில் கரண்டி யார் கையில் இருக்கிறது, எந்தத் தட்டுக்கு முதலில் போகிறது என்று இந்த ஞாயிற்றுக்கிழமை பாருங்கள்.

"எல்லாச் சாதிப் பெண்ணுக்கும் சோகை இருக்கே, இதுல என்ன சாதி?" என்பார்கள். இருக்கிறது. தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதம் என்கிறது அதே கணக்கு. கடைசியாகத் தின்னச் சொல்லுகிற பார்ப்பனியம் தன் வீட்டுப் பெண்ணையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களிடம் அகில இந்திய சராசரியை விடச் சோகை கூடுதல் என்பதையும் அதே கணக்குத்தான் சொல்கிறது. அவர்களுக்கு வீட்டுக்குள் ஒரு காரணம் என்றால் எங்களுக்குக் கூலி, கால், கக்கூஸ், வெட்கம் என்று இன்னும் நாலு காரணம்.

சிகிச்சை இல்லாத நோயா இது? இல்லை. இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை கர்ப்பிணிக்குத் தினம் ஒன்று, 180 நாள், இலவசம். 1970-லிருந்து மாத்திரைத் திட்டம் நடக்கிறது. 2018-ல் அதற்குப் புதுப் பெயரும் வைத்தார்கள். பிறகும் பாதிக்கு மேல் பெண்கள் வெளுத்துக் கிடக்கிறார்கள் என்றால் மாத்திரை மட்டும் போதாது என்று அர்த்தம். அக்கா தன் மாத்திரையைக் கூரையில் செருகி வைத்திருந்தது. தின்றால் குமட்டுகிறது, கருப்பாக வெளிக்குப் போகிறது, பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம். மலம் கருப்பாவது இயல்பு, குமட்டினால் ராத்திரி சாப்பிட்டுப் படுக்கும்போது போடலாம், எலுமிச்சைச் சாற்றோடு போட்டால் நன்றாக ஏறும், டீயோடும் பாலோடும் கூடாது. இந்த நாலு வரியைச் சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை. திட்டுவதற்கு நேரம் இருந்தது.

புழுவுக்கு அல்பெண்டசோல் மாத்திரை ஒன்று போதும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் மட்டும் கூடாது. கர்ப்பிணி ஈரலையும் அளவோடுதான் தின்ன வேண்டும், அதில் வைட்டமின் ஏ அதிகம். மாத்திரையில் ஏறாவிட்டால் நரம்பு வழியாக இரும்பு ஏற்றலாம். மிகவும் குறைந்தால் ரத்தம் ஏற்ற வேண்டும். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதமாவது மாத்திரையை நிறுத்தக் கூடாது, உடம்பில் இருப்பு சேர வேண்டும். மாதவிடாய் அதிகம் போகிறதா, மூலத்தில் ரத்தம் போகிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாச் சோகையும் இரும்புச் சோகை அல்ல. நீலகிரிப் பழங்குடிகளிடம் 1952-லேயே கண்டறியப்பட்ட அரிவாள் செல் சோகை பரம்பரையாக வருவது, அதை இரும்பு மாத்திரை குணமாக்காது. ஆகவே மாத்திரை போட்டும் ஏறவில்லை என்றால் பெண்ணைத் திட்டாதே, காரணத்தைத் தேடு.

அக்காவுக்கு இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்தது. சோகையுள்ள பெண்ணுக்குப் பிரசவத்தில் மற்றவர்கள் தாங்குகிற அளவு ரத்தம் போனாலே உயிர் போய்விடும். எங்கள் தெருவில் அப்படிப் போனவர்கள் உண்டு. "விதி" என்றுதான் அழுதோம்.

விதி இல்லை. சேரிக்குத் தண்ணீரோடு கக்கூஸ் கட்டாதது யாருடைய முடிவோ அவர்கள் பதில் சொல்லட்டும். சுகாதார நிலையத்துச் சுவரில் கீரைக்கட்டுக்குப் பக்கத்தில் மாட்டு ஈரலையும் ரத்தப் பொரியலையும் எழுதட்டும். எழுதச் சொல்லி நாம் மனு கொடுப்போம். கிராமம் கிராமமாகப் போகிற நம் தோழர்கள் துண்டறிக்கையோடு இந்த நாலு வரியையும் சேர்த்துக் கொண்டு போகட்டும்.

போன மாதம் தங்கையை அழைத்துக்கொண்டு அம்மா அதே மருத்துவமனைக்குப் போனது. அதே கேள்வி. "என்ன கறி குடுக்குறீங்க?"

"மாட்டுக்கறிங்க. ஈரலும் குடுக்குறேன். எழுதிக்கோங்க" என்றதாம் அம்மா.